கிளிக்கூண்டில் பச்சோந்தி

பச்சோந்தி ஏன் சாப்பிடவில்லை என்பது கோதைநாயகிக்கு விளங்கவே இல்லை.

கூண்டுக்குள் ஒரு குறையும் கிடையாது. நெய் விட்டுக் குழையப் பிசைந்த பருப்பு சாதம், கொய்யாத் துண்டு, ஊறவைத்த கடலை, சிவந்த மிளகாய்ப் பழம், சின்னக் கிண்ணம் நிறையத் தண்ணீர். காலையில் வைத்தது சாயங்காலம் அப்படியே காய்ந்து கிடக்கும். பச்சோந்தி குறுக்குக் கம்பை நாலு கால்களாலும் இடுக்கி போலப் பற்றிக்கொண்டு, ஒரு கண்ணால் சமையலறையையும் இன்னொரு கண்ணால் வாசலையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும். கண்கள்தான் உருளும். வாய் திறக்காது.

அது கிளிக்கூண்டு. உள்ளே வைத்த சாப்பாடும் கிளிச் சாப்பாடுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதியில் அந்த வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் "கோவிந்தா" என்று கத்துகிற கிளி ஒன்று அதில் இருந்தது. ஆண்டாள் கையில் கிளி இருக்கிற ஊரில் ஆத்தில் ஒரு கிளி இல்லாமலா என்பாள் மாமியார் ஜயலக்ஷ்மி. அதற்குப் போடுகிற ஒரு கடலைகூடப் பெருமாளுக்குக் காட்டிய பிறகுதான் கூண்டுக்குள் போகும். வைகாசியில் ஒரு நாள் காலை கோதை கூண்டின் துணியை விலக்கியபோது கிளி மல்லாந்து கிடந்தது. கிழட்டுக் கிளி, வயதாகிச் செத்தது. ஆனால் துணியை விலக்கியது கோதையின் கை.

அந்தக் கையைப் பற்றி ஜயலக்ஷ்மிக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருந்தது. முற்றத்து முல்லை பட்டுப்போனது அந்தக் கையால். வடாம் காயப்போட்ட அன்று மழை கொட்டியது அந்தக் கையால். கல்யாணமாகி மூன்று வருஷம் கழிந்தும் வீட்டில் தொட்டில் கட்டாதது அந்தக் கையால். இப்போது கிளியும் சேர்ந்துகொண்டது.

கோதையின் கணவன் நம்பி சாது. தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அம்மாவின் துக்கத்தை எப்படியாவது ஆற்ற வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றியது. ஆனி மாதம் ஆபீஸ் சிநேகிதர்களோடு ராஜபாளையம் அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போனவன், அங்கே மலைத்தேன் விற்கிற இருளப்பசாமியிடம் ஒரு குச்சியில் இந்தப் பச்சோந்தியைப் பார்த்தான். இலைப் பச்சை. கிளிப் பச்சைக்கு ரொம்பத் தூரமில்லை.

"இது என்னப்பா திங்கும்?"

"அது பாட்டுக்குத் திங்கும் சாமி. நம்ம குடுத்தாத் திங்காது. கொண்டுபோயி செத்த நேரம் மரத்துல விட்டுப் பாருங்க, தெரியும்" என்றான் இருளப்பசாமி.

நம்பி அதில் முதல் வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

ஜயலக்ஷ்மி கூண்டைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். பிறகு மருமகளைக் கூப்பிட்டாள்.

"நம்பி ஆசையா கொண்டுவந்திருக்கான். நீயே பாத்துக்கோ. ஆடிப்பூரத்துத் தேர் நிலைக்கு வந்து சேரட்டும். அதுக்குள்ள இதுவும் உன் கையால போச்சுன்னா, நீ ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிடு. பெரிய முகூர்த்தம் ஒண்ணும் பாக்க வேண்டாம். அரை மணிக்கொரு பஸ் இருக்கு."

"அம்மா, அது வாயில்லா ஜீவன். அதுக்கு உடம்புக்கு என்னமோ..."

"பேசறாளே! கிளிக்கும் வாய் இருந்தது. அது மட்டும் பொழச்சுதா?"

கோதையின் கண் கலங்கியது. கலங்கியதும் ஜயலக்ஷ்மியின் பேச்சுக்கு வேகம் பிடித்தது. பிறந்த வீட்டுச் சீர், அப்பாவின் மில் உத்தியோகம், ஜாதகம் பார்த்த தரகர் என்று ஒவ்வொன்றாக வந்து, விளக்கேற்றும் நேரம் வரை ஓயவில்லை.

பிறந்த வீடு இருந்த ராஜபாளையத்தில் கோதையின் தங்கைக்கு வரன் திகைந்து ஆவணியில் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். மூத்தவளைக் கைராசி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்தச் சம்பந்தம் அடுத்த நாளே முறிந்துவிடும். அதனால் பச்சோந்தி சாப்பிட்டாக வேண்டும்.

அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கிற பெண் இல்லை கோதை. எதையும் திறந்து பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. பிறந்த வீட்டில் தையல் மெஷினில் அடிநூல் சுற்றியிருக்கிற படகைக் கழற்றி, நூல் ஏன் அறுகிறது என்று தானே கண்டுபிடித்தவள். ஒரு மெஷின் ஓடவில்லை என்றால் அதைத் திட்டுவதில் பயனில்லை; அது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவள் எண்ணம். மத்தியானம் மாமியார் கண்ணயர்கிற வேளையில் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் கண்ணில் பட்டது நிறம். கம்பின் இந்தப் பக்கம் இருந்தால் பச்சை. அந்தப் பக்கம் நகர்ந்தால் உடம்பெல்லாம் கருத்து, தொண்டை உப்பி, வாயைப் பிளந்து சீறும். அந்தப் பக்கத்தில் கிளி கொஞ்சி விளையாடுவதற்காக ஜயலக்ஷ்மி தொங்கவிட்ட சின்னக் கண்ணாடி இருந்தது. கிளி அதைத் துணை என்று நினைத்தது. பச்சோந்தி அதைப் பகையாளி என்று நினைத்தது. கண்ணாடியைக் கழற்றி எடுத்ததும் அன்று முழுக்கப் பச்சையாகவே இருந்தது. ஆனால் சாப்பிடவில்லை.

அடுத்தது தண்ணீர். கிண்ணத்தின் விளிம்பிலேயே நின்றாலும் குடிக்காது. ஒரு நாள் ஜயலக்ஷ்மி துளசித் தீர்த்தத்தை வீடெங்கும் தெளித்துக்கொண்டு வந்தபோது கூண்டின் மேலும் நாலு சொட்டு விழுந்தது. கம்பி வழியாக ஒரு சொட்டு மெல்ல இறங்கியது. பச்சோந்தி கழுத்தை நீட்டி அதை நக்கியது. அடுத்த சொட்டையும் நக்கியது. கோதைக்கு மயிர் சிலிர்த்தது. ஒரு தகர டப்பாவின் அடியில் ஊசியால் துளை போட்டு, தண்ணீர் ஊற்றிக் கூண்டின் மேல் வைத்தாள். சொட்டு விழ விழக் குடித்தது.

அதற்குத் தாகம் இல்லாமல் இல்லை. நிற்கிற தண்ணீர் அதன் கண்ணுக்குத் தண்ணீராகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதை ஓர் ஈ சொல்லிக்கொடுத்தது. கொய்யாத் துண்டு பழுத்து நாறிக்கொண்டிருந்தது. ஈ ஒன்று வந்து அதன்மேல் நடந்தது. இத்தனை நாளும் ஆளுக்கொரு திசையில் சுற்றிக்கொண்டிருந்த பச்சோந்தியின் இரண்டு கண்களும் முதல் தடவையாக முன்னால் திரும்பி ஒரே இடத்தில் நின்றன. உடம்பு காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் அசைந்தது. வாய் கொஞ்சமாகத் திறந்தது. பிறகு நடந்ததைக் கோதை பார்க்கவில்லை. யாராலும் பார்க்க முடியாது, அவ்வளவு வேகம். உடம்பைவிட நீளமான நாக்கு போய்விட்டு வந்தது. ஈ இல்லை. கொய்யா அப்படியே இருந்தது.

கொய்யாவைத் தின்ன வந்ததைத் தின்றது, கொய்யாவை அல்ல.

கோதை அங்கேயே உட்கார்ந்து யோசித்தாள். ஈயும் பழமும் ஒரே இடத்தில்தான் இருந்தன. பழம் அசையவில்லை, ஈ அசைந்தது. அசையாத எதுவும் இதற்கு உலகத்தில் இல்லாத மாதிரிதான். சோதித்துப் பார்க்க ஒரு செத்த ஈயைப் போட்டாள். சீண்டவில்லை. அதே ஈயைத் தலைமுடி ஒன்றில் கட்டி ஆட்டினாள். நாக்கு வந்து எடுத்தது; முடியும் கூடவே தொண்டைக்குள் போனதால் இந்த வழி தினமும் ஆகாது.

சந்தோஷத்தில் அவள் எழுந்து நின்றபோதுதான் இன்னொன்று புரிந்தது. பெருமாளுக்குக் காட்டாத எதையும் இந்த வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. ஈயையும் பூச்சியையும் பெருமாளுக்குக் காட்ட முடியாது. கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் ஏந்தித் தெருவில் விடுகிற வீடு இது. பச்சோந்தி பட்டினியால் செத்தால் கைராசி இல்லாதவள். பூச்சி போட்டுப் பிழைக்க வைத்தால் ஆத்துக்குள் உயிர்க்கொலை செய்தவள். இரண்டு பக்கமும் ராஜபாளையம் பஸ்தான் நின்றது.

பழத்துக்குத் தானாக வரும் ஈயைச் சாப்பிட்டால் அது யார் செய்த பாவமும் இல்லை என்று முதலில் சமாளித்தாள். ஜயலக்ஷ்மியும் அதைப் பார்த்துவிட்டு, "அதுவா வந்தது, அதுவா எடுத்துண்டது" என்று சொல்லி விட்டுவிட்டாள். ஆனால் ஈ போதவில்லை. பச்சோந்தியின் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. கண் குழிந்தது. தேருக்கு வடம் வந்து இறங்கிவிட்டது.

அந்த வீட்டில் இன்னொரு மருமகள் உண்டு. நம்பியின் தம்பி அழகியமணவாளனுக்கு அந்த வருஷம் சித்திரையில் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் பம்பாயில் வேலை. வீடு கிடைத்ததும் அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் மனைவி பத்மாசனி சுந்தரபாண்டியத்துப் பெண். தகப்பன் இல்லாதவள், மாமா வளர்த்தவள். வயல்காட்டில் ஓடித் திரிந்த கால். கோதையை மன்னி மன்னி என்று சுற்றிக்கொண்டிருப்பாள்.

"மன்னி, இதுக்குப் பச்சை வெட்டுக்கிளி ரொம்பப் பிடிக்கும். கொல்லையில தண்டுக்கீரைப் பாத்தியில நெறைய இருக்கு. நான் பிடிச்சுத் தரட்டுமா?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"நீங்க அழறதப் பாக்கறதுக்கு இது தேவலை."

பவுடர் டப்பா ஒன்றில் பிடித்துக்கொண்டு வந்தாள். முதல் வெட்டுக்கிளியை உள்ளே விட்டதும் பச்சோந்தியின் கண்கள் இரண்டும் கூடின. ஆனால் வெட்டுக்கிளி ஒரே தாவில் கம்பி இடுக்கு வழியாக வெளியே வந்து, கூடத்தைத் தாண்டி, பூஜை அலமாரியின் மேல் போய் உட்கார்ந்தது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் அதைத் துணி போட்டுப் பிடித்தார்கள். செத்ததைப் போட்டால் தின்னாது. உயிரோடு போட்டால் நிற்காது.

கோதை அந்த வெட்டுக்கிளியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்னால் இருக்கும் நாலு கால்கள் நடப்பதற்கு. பின்னால் இருக்கும் பெரிய இரண்டு கால்கள் தாவுவதற்கு மட்டுமே. நடப்பதும் தப்பிப்பதும் வேறு வேறு கால்களின் வேலை. அப்படியானால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம்.

பின்னங்காலை ஒடிக்கத்தான் நினைத்தாள். ஒடிக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. தொடையை இரண்டு விரலால் பற்றிச் செத்த நேரம் அப்படியே வைத்திருந்தாள். வெட்டுக்கிளி ஒரு தரம் உதறி, காலை அவள் விரலிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டது. கொத்தவரங்காய் கிள்ளுகிற சத்தம்கூட இல்லை. இன்னொரு காலையும் அப்படியே கொடுத்தது.

பத்மாசனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மன்னி, வலிக்காதா அதுக்கு?"

"அதுவாத்தானே குடுத்தது?" என்றாள் கோதை.

கூண்டுக்குள் அது நாலு காலால் நிதானமாக ஊர்ந்தது. தாவப் பார்த்தது, உடம்பு எழும்பவில்லை, மறுபடியும் ஊர்ந்தது. நாக்கு போய்விட்டு வந்தது.

அந்த வாரம் கோதை நிறையச் சிந்தித்தாள். ஒன்று புரிந்தால் அது போன்ற இன்னொன்றைத் தேடுகிற மனம் அவளுக்கு. மாமியார் பேச்சை ஆரம்பிக்கும்போது இப்போது வேறு மாதிரி நின்று பார்த்தாள். பதில் சொல்லவில்லை. கண் கலங்கவில்லை. புடவைத் தலைப்பைத் திருகவில்லை. கொய்யாத் துண்டு மாதிரி இருந்தாள். ஜயலக்ஷ்மியின் பேச்சு இரண்டு வாக்கியம் போய் இடறியது. கண் அங்கும் இங்கும் போனது. அப்போது முற்றத்தில் பத்மாசனியின் கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவி விழுந்தது. அவள் பயந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜயலக்ஷ்மி உடனே அந்தப் பக்கம் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் கோதை பத்மாசனியைக் கொல்லைப் படியில் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, ரொம்ப மெதுவாக.

"ஆத்து ஞாபகமா இருக்கா பத்மா? ரெண்டு நாள் போய்ட்டு வாயேன்."

பத்மாசனி கால்விரலால் படியைச் சுரண்டினாள். கோதை மறுபடி கேட்கவில்லை, பின்னலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"எங்க மன்னி போறது? மாமா பஸ் ஏத்தறச்சேயே சொல்லிட்டார். இனி இந்தப் படி ஏறாதேன்னுட்டார். மாமிக்கு என்னக் கண்டாலே ஆகாது." பிறகு தானாகவே சிரித்தாள். "இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதேங்கோ. போன வருஷம் ஜுரம் வந்து எழுந்திருக்கவே முடியல்லே. டாக்டர் முட்டை குடுக்கச் சொல்லிட்டார். பின்னாத்து ஏசம்மாள் அக்காதான் அவிச்சு, உரிச்சு, ஒளிச்சுக் குடுத்தா. நாலஞ்சு சாப்பிட்டேன். இவருக்குக்கூடத் தெரியாது."

"அசடு. மருந்துதானே?" என்று கோதை அவள் கன்னத்தைத் தட்டினாள். பின்னலுக்குக் குஞ்சலம் வைத்துக் கட்டினாள்.

தேருக்கு முதல் நாள் காலை ஜயலக்ஷ்மி துளசி மாடத்தைப் பிரதட்சிணம் வந்தவள் நின்றுவிட்டாள். துளசி இலையில் ஒரு வெட்டுக்கிளியின் கால் ஒட்டியிருந்தது. மாடத்தின் அடியில் இன்னும் நாலைந்து கிடந்தன. எறும்பு இழுத்துக்கொண்டு வந்திருந்தது.

"ஏண்டி! யாருடி இந்தக் காரியம் பண்ணினது? துளசிகிட்டயா?"

இரண்டு மருமகள்களும் வந்து நின்றார்கள். பத்மாசனியின் கையில் பவுடர் டப்பா இருந்தது. உள்ளே என்னவோ படபடவென்று அடித்துக்கொண்டது. கோதை அசையவில்லை. பத்மாசனி ஓர் அடி பின்வாங்கினாள். டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

ஜயலக்ஷ்மியின் பார்வை முதலில் கோதையின்மேல்தான் வந்தது. அங்கிருந்து நகர்ந்து அந்தக் கையின்மேல் நின்றது.

"மன்னிக்காகத்தான்..." என்று ஆரம்பித்தாள் பத்மாசனி.

"அம்மா, சின்னவதானே, மன்னிச்சுடுங்கோ" என்றாள் கோதை. குரலில் அவ்வளவு இரக்கம். "நான் எத்தனையோ சொன்னேன். முட்டை சாப்ட்டுப் பழகினவளுக்கு இதெல்லாம் பாவம்னு எப்படித் தெரியும்?"

"என்னது? என்ன சாப்ட்டுப் பழகினவ?"

பத்மாசனி கோதையைப் பார்த்தாள். அப்புறம் அழுகை வந்தது. அழுகை வந்ததும் ஜயலக்ஷ்மி ஆரம்பித்தாள். பேச்சு சுந்தரபாண்டியம் வரை போய், செத்துப்போன தகப்பனைத் தொட்டு, திரும்ப வந்து, மறுபடியும் போனது. மத்தியானத் தளிகைக்குக்கூட நிற்கவில்லை.

கோதை உள்ளே போய்ப் பச்சோந்தியின் டப்பாவில் தண்ணீர் மாற்றினாள்.

பூச்சி போடுவதை ஜயலக்ஷ்மி நிறுத்திவிடுவாள் என்று நீங்கள் நினைக்கலாம். நிறுத்தவில்லை. பச்சோந்தி தேறி, கிளியைப் போலவே பச்சையாகக் கம்பில் உட்கார்ந்திருந்தது. தேர் பார்க்க வந்த உறவுக்காரர்கள் கூண்டைச் சுற்றி நின்று, "என்ன கைராசி ஜயம் உன் மாட்டுப்பொண்ணுக்கு!" என்றார்கள். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்துப் போனது. ஆகவே ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"பாவம் ஒட்டிண்ட கை ஒட்டிண்டதுதான். இனிமே அந்தப் பூச்சிக் காரியமெல்லாம் அவளே பண்ணட்டும். கொல்லையோட நின்னுக்கட்டும். சமையலறைப் பக்கம் வரப்படாது, துளசியைத் தொடப்படாது. சாதம் கொல்லைப்படியில போட்டுடு கோதை."

அப்படியே நடந்தது. காலையில் பத்மாசனி பாத்தியில் வெட்டுக்கிளி பிடித்து, காலைக் கழற்றி, டப்பாவில் போட்டுப் படியில் வைப்பாள். கோதை எடுத்துக் கூண்டுக்குள் விடுவாள். சாப்பாட்டுத் தட்டை அதே படியில் வைத்துவிட்டு வருவாள். பம்பாயில் வீடு கிடைக்கவில்லை. ஒரு தரம் பத்மாசனி பையில் இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். சுந்தரபாண்டியம் பஸ் வந்தது. அது கிளம்பிப் போகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விளக்கு வைக்கும் முன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததற்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

"பத்மாவ அம்மா ரொம்பப் படுத்தறாளோ?" என்று நம்பி ஒரு நாள் கேட்டான்.

"என்னைப் படுத்தினபோது கேட்டேளா?" என்றாள் கோதை. அவன் ஆபீசுக்குக் கிளம்பினான்.

ஆவணியில் ராஜபாளையத்தில் தங்கை கல்யாணம் சிறப்பாக நடந்தது. கோதை மாமியாரோடு வந்து இறங்கினாள். ஜயலக்ஷ்மி சம்பந்திகளிடம் மூத்த மருமகளின் கையைப் பிடித்துக்காட்டி, இந்தக் கை தொட்டால் எதுவும் தழைக்கும் என்றாள். கல்யாணப் பெண்ணை அலங்கரிக்கிற அறையில் பெண்கள் கோதையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். தங்கை, தலையில் பாதி பூ வைத்த நிலையில், திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, பச்சோந்தி சாப்பிடவே சாப்பிடாதுன்னாளே. எப்படிச் சாப்பிட வெச்சே?"

எதையும் விளக்கிச் சொல்வது என்றால் கோதைக்கு எப்போதும் இஷ்டம். நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஒண்ணும் கஷ்டமில்லடி. மொதல்ல கண்ணாடிய எடுத்துடணும், இல்லேன்னா தன்னையே பாத்துச் சீறிண்டிருக்கும். தண்ணியக் கிண்ணத்துல வெக்கப்படாது, சொட்டவிடணும். சாப்பாடு உயிரோட இருக்கணும், நகந்துண்டே இருக்கணும். நகராததை அது சீண்டாது. ஆனா ஓடிப்போகவும் முடியப்படாது. அதனால வெட்டுக்கிளியோட பின்னங்கால் ரெண்டையும் எடுத்துடணும். இழுக்கப்படாது, மெதுவாப் பிடிச்சுண்டாப் போறும், அதுவே கழட்டிக் குடுத்துடும். முன்னங்கால் நாலையும் விட்டுடணும். அவ்வளவுதான்."